உங்களுக்குத் தெரியுமா? பரசூட் பையோடு பயணம்

2002இல் இலங்கையில் ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பைகளைப் பிரித்துக் காட்டியவர்கள் எம்மில் பலர். ஸ்கைடைவிங்குக்காக விமானத்தில் கொண்டுசெல்லும் பரசூட் பையை அப்படிப் பிரிக்க விடக்கூடாது. மடிப்புக் குலைந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க விமான நிலையங்களில் அதைப் பிரித்துப் பார்க்க நேர்ந்தால் உரியவர் அருகில் நிற்கவேண்டும் என்பது விதி. நல்ல விதி!

பல பைகளின் உள்ளே ‘சைப்ரஸ்’ என்ற சிறு கருவி இருக்கும். குதித்தவர் நினைவிழந்து வேகமாக விழுந்தாலும், நிலத்திலிருந்து சுமார் 225 மீற்றர் உயரத்தில் அது மாற்றுப் பரசூட்டைத் திறக்கவைக்கும். எக்ஸ்ரேயில் அது சந்தேகத்தைக் கிளப்பலாம். அதற்குரிய விளக்க அட்டையைக் கையோடு வைத்திருங்கள்.

படையில் குதித்துப் பழகியவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே பெரும்பாலும் விமானத்தில் கொளுவிய நாடாதான் பரசூட்டை இழுத்துத் திறக்கும். ஸ்கைடைவிங்கில் உங்கள் கைதான் திறக்கவேண்டும். புதிதாகப் பயிற்சி எடுத்த பிறகே குதியுங்கள்.