கொல்களக் கழிவுநீரும் வன்னிக் குளங்களும்

நெல் அவிக்கும் ஆலைகளின் ஊறல் தொட்டியில் நீர் இரண்டொரு நாள் மாற்றப்படாது நிற்குமாயின், புளித்த நாற்றம் எழுதலை வன்னி மக்கள் நன்கறிவர். நெல்லிலிருந்து கரைந்த பொருள்கள் நுண்ணுயிர்களுக்கு உணவாதலே அந்நாற்றத்துக்குக் காரணமாகும். கொல்களங்களிலும் இறைச்சி பதனிடும் சாலைகளிலும் இருந்து வெளியேறும் நீரிலும் இச்செயலே நிகழ்கின்றது. ஆயின், அந்நீரிற் கலந்திருப்பன குருதியும் கொழுப்பும் சாணமும் ஆதலின், அதன் கேடு பன்மடங்கு கடியது. நீரைக் கெடுக்கும் அந்நுண்ணுயிர்களையே ஒழுங்குபட வேலைகொண்டு, நீரைத் தூயதாக்கும் முறை உயிரியற் பரிகரிப்பு எனப்படும்.

கழிவுநீரின் கடுமையை அளத்தற்கு உயிரிரசாயன ஒட்சிசன் தேவை என்னும் அளவை வழங்குகின்றது. ஓர் இலீற்றர் நீரிலுள்ள சேதனப் பொருளை ஐந்து நாட்களில் நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு எத்தனை மில்லிகிராம் ஒட்சிசன் செலவாகும் என்பதை அது காட்டும். வீட்டுக் கழிவுநீருக்கு இவ்வளவு பொதுவாக 200 முதல் 300 வரை அமையும். கொல்களக் கழிவுநீருக்கு 1,000 இற்கு மேற்பட்டுப் பல ஆயிரம் வரையும் செல்லும். தனிக் குருதிக்கோ அது ஏறத்தாழ 1,50,000 ஆகும். 30 பாகை வெப்பநிலையிலுள்ள குளத்து நீர் இலீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனையே கரைத்து வைத்திருக்கவல்லது. எனவே, ஓர் இலீற்றர் குருதி 20,000 இலீற்றர் குளத்து நீரின் ஒட்சிசனை முற்றாக உண்டுவிடும். ஒரு மாட்டின் குருதி பத்து இலீற்றரெனக் கொள்ளின், இரண்டு இலட்சம் இலீற்றர் நீர் மூச்சிழக்கும். காற்றிலிருந்து புதிய ஒட்சிசன் கரைந்து இவ்விழப்பை ஈடுசெய்யாதவிடத்து மீன்கள் இறந்து மிதக்கும்.

இத்தகைய நீரை எவ்வளவு தூய்மைப்படுத்திய பின் ஆற்றில் விடலாம் என்ற வினாவை ஆராய, பிரித்தானிய அரசு 1898 ஆம் ஆண்டில் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. 1912 இல் வெளிவந்த அதன் எட்டாவது அறிக்கை, ஒட்சிசன் தேவை 20 என்னும் எல்லையைக் கூறிற்று. கழிவுநீரைப்போல எட்டு மடங்கு தூய ஆற்றுநீர் வந்து கலக்கும் என்பதே அவ்வெல்லைக்கு அடிப்படை. தேவை 2 ஆகவுள்ள ஆற்றுநீர் எட்டுப் பங்கும், 20 ஆகவுள்ள கழிவுநீர் ஒரு பங்கும் கலந்தால், கலவையின் தேவை 4 ஆகும். ஆறு அதனைத் தாங்கும். இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2008 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளும் இவ்வெட்டு மடங்கையே அடிப்படையாகக் கொண்டு, உள்நாட்டு நீர்நிலைகளுக்கு 30 என எல்லை வகுத்தன. கலக்கும் நீர் எட்டு மடங்கிற் குறைந்தால் எல்லையும் அவ்விகிதப்படி குறைதல் வேண்டும் எனவும் அவை விதித்தன. இரு மடங்கு நீரே உளதாயின் எல்லை 7.5 ஆகின்றது.

வன்னிக்கு இவ்விதியின் பொருள் யாது? கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. பாலியாறு வவுனிக்குளத்துக்கும், பேராறு முத்தையன்கட்டுக் குளத்துக்கும் நீர் தருகின்றன. இவை மாரியிற் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடப்பன. ஆற்றிற் கலப்பதற்கு நீரே இல்லாத காலத்தில் மேற்கூறிய எல்லை பூச்சியத்தை அணுகும். அத்துணைத் தூய்மையைத் தரவல்ல பரிகரிப்பு நடைமுறையில் இல்லை. மேலும், ஆற்றில் விட்ட கழிவு கடலைச் சேராது குளத்திலேயே தங்கும். நிலத்துக்குப் பாய்ச்சும் நீருக்கோ அதே ஒழுங்குவிதிகள் 250 வரை இடமளித்தன. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய வேலையை முடித்துவிடும் என்பதே அதன் காரணம். ஆகலின், வன்னியிற் கொல்களக் கழிவுநீர் பரிகரிக்கப்பட்டு நிலத்தையே சேர்தல் வேண்டும்.

இதற்கு முதற்படி பிரித்தெடுத்தல். குருதியைத் தனிக் கலத்தில் ஏற்று, இரைப்பைச் சாணத்தை நீரூற்றாமல் வாரியெடுத்தால், கழிவுநீரின் சுமையிற் பெரும்பகுதி அங்கேயே நீங்கிவிடும். சாணம் எருக்குழிக்கு உரியது. அதன்பின் வலைத்தட்டு மயிரையும் சதைத்துண்டுகளையும் தடுக்கும். கொழுப்புத் தொட்டியில் நீர் ஆறி நிற்க, கொழுப்பு மேலே மிதந்து அகற்றப்படும்.

இரண்டாம் படி காற்றில்லாத மூடிய தொட்டியில் நிகழ்வது. ஒருவகை நுண்ணுயிர்கள் புரதத்தையும் கொழுப்பையும் சிறு அமிலங்களாகச் சிதைக்க, வேறொருவகை அவ்வமிலங்களிலிருந்து மெதேன் வாயுவை உண்டாக்கும். அவ்வாயு அடுப்பெரிக்க உதவும். இவ்வுயிர்கள் 35 பாகையளவில் நன்கு தொழிற்படுவன. ஆதலின் குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடாக்கும் செலவு உண்டு, வன்னியின் வெயிலோ அச்செலவைப் பெரிதும் மிச்சப்படுத்தும். நெதர்லாந்து அறிஞர் லெற்றிங்கா 1970களில் உருவாக்கிய, நீர் கீழிருந்து சேற்றுப்படுக்கையூடாக மேலெழும் தொட்டி, இம்முறையிற் சிறந்தது. இந்தியாவின் கான்பூர் நகரில் 1989 இல் நாளொன்றுக்கு 50 இலட்சம் இலீற்றர் கழிவுநீரை ஏற்கும் இத்தகைய தொட்டி அமைக்கப்பட்டது.

மூன்றாம் படி காற்றோட்டம். 1914 இல் மான்செஸ்ரர் நகரில் ஆடேன், லொக்கற் என்னும் இருவர், கழிவுநீரிற் காற்றைச் செலுத்தி, படியும் சேற்றை நீக்காது மீண்டும் பயன்படுத்தியபோது தூய்மையாதல் விரைந்து நிகழக் கண்டனர். அம்முறைக்கு இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். இடவசதியுள்ள வன்னிக்கு ஆழங்குறைந்த தடாகமே ஏற்றது. அங்கே பாசிகள் சூரியவொளியில் ஒட்சிசனை வெளிவிட, நுண்ணுயிர்கள் அதனைப் பெற்று வேலைசெய்யும்.

இவ்வளவும் நடந்த பின்னும் நைதரசன் எஞ்சும். புரதத்திலிருந்த நைதரசன் அமோனியாவாகி, பின் மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மண் பிடித்து வைக்காது. மழைநீரோடு அது கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் அது இலீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடக்குமாயின், கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றக்கூடும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பல நைத்திரேற்று மிகுதியாற் கெட்டமை வன்னிக்கு ஓர் எச்சரிக்கையாகும். ஆகவே, கால்நடைத் தீவனப் புல் உறிஞ்சக்கூடிய அளவே இந்நீர் பாய்ச்சப்படல் வேண்டும். பச்சையாக உண்ணும் மரக்கறிக்கு, நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் எஞ்சக்கூடுமாதலின், அது ஆகாது. மாரியிற் பாய்ச்சுதலை நிறுத்தி நீரைத் தேக்கி வைக்கத்தக்க அளவினதாகத் தடாகம் அமைதலும் இன்றியமையாதது.

புலால் உண்போர்க்கும் உண்ணாதார்க்கும் கிணறு ஒன்றே, குளமும் ஒன்றே. ஆதலின், கொல்களத்துக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சிச் சபைகள் கட்டடத்தையும் கத்தியையும் பார்ப்பதோடு அமையாது, கழுவிய நீர் எங்கே செல்கின்றது என்பதையும் கேட்டல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் மாணவர், தம்மூர்க் குளத்து நீரின் ஒட்சிசனைக் கோடையிலும் மாரியிலும் அளந்து பதிவுசெய்வாராயின், அக்கேள்விக்குச் சான்று கிடைக்கும். குளங்கட்டி வாழ்ந்த முன்னோர் நீரைத் தேக்கும் வழியைக் காட்டிச் சென்றனர். தேக்கிய நீரைக் கெடாது காத்தல் இக்காலத்தவரின் கடன்.