கை மட்டும் தெரிந்த மாயாவிகள்

இரும்புக்கை மாயாவியைத் தெரியாத தமிழ்க் காமிக்ஸ் வாசகர் இருக்க மாட்டார். உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார். வலது கைக்குப் பதிலாகப் பொருத்திய இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1972-ல் முத்து காமிக்ஸ் அவரைத்தான் தன் முதல் இதழின் நாயகனாகக் கொண்டுவந்தது. கடையில் வாங்கிய ஒரே பிரதி தெரு முழுக்கக் கைமாறி, அட்டை கிழிந்த பிறகும் தைத்துப் படித்த தலைமுறை ஒன்று நம்மிடம் உண்டு. ஆனால், அந்த இரும்புக்கையை வரைந்த கை யாருடையது என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

மாயாவிக்கு முதலில் உருவம் கொடுத்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவைச் சேர்ந்தவர். 1962-ல் பிரிட்டனின் ‘வாலியன்ட்’ வார இதழில் அந்தத் தொடர் ஆரம்பித்தது. முதலில் கென்னத் பல்மரும், பிறகு டாம் டல்லியும் கதை எழுதினார்கள். இவர்கள் யாருடைய பெயரும் கதையோடு அச்சாகவில்லை. எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போடாமல் விடுவதுதான் அன்றைய பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழ்களின் வழக்கம்.

யோசித்துப் பார்த்தால், காமிக்ஸ் ஓவியரும் ஒரு மாயாவிதான். அவருடைய கைவேலை கண்முன் இருக்கும், ஆள் தெரியமாட்டார். அந்த ஆளை முழு உருவத்தோடு நம் எதிரே உட்காரவைக்கும் இடம்தான் காமிக் கான் என்று அழைக்கப்படும் ரசிகர் திருவிழா.

ஓட்டலின் அடித்தளத்தில்

1964-லேயே நியூயார்க்கில் காமிக்ஸ் ரசிகர்கள் ஒருநாள் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் உலகமே அறிந்த காமிக் கான் பிறந்தது அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் டியாகோ நகரத்தில். 1970 மார்ச் 21 அன்று, யு.எஸ். கிராண்ட் ஓட்டலின் அடித்தளத்தில், ஷெல் டார்ஃப் என்ற காமிக்ஸ் பிரியரும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும் ஒரு முன்னோட்டக் கூட்டம் நடத்தினார்கள். நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்று நாள் விழா நடந்தது. அதற்கு வந்தவர்கள் சுமார் 300 பேர். விருந்தினர்களில் ஒருவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரி. இன்னொருவர் ஜாக் கர்பி. கேப்டன் அமெரிக்கா, ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், எக்ஸ்-மென் எல்லாம் அவர் பென்சில் பட்டு உருவானவை.

இன்று அதே விழா கடலோர மாநாட்டு மையத்தில் நான்கு நாள் நடக்கிறது. 1,30,000-க்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். சினிமா நட்சத்திரங்களைப் பார்க்க ‘ஹால் ஹெச்’ அரங்குக்கு வெளியே இரவெல்லாம் வரிசை நிற்கிறது. செய்தியில் நமக்குக் காட்டப்படுவது அந்த வரிசைதான். காமிக்ஸை நேசிப்பவர்கள் போகும் இடம் வேறு. ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆலி’ என்று அதற்குப் பெயர். ஓவியர் சந்து என்று சொல்லலாம்.

சந்துக்குள் ஒரு மேஜை

சின்னச் சின்ன மேஜைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு ஓவியரோ எழுத்தாளரோ உட்கார்ந்திருப்பார். மேஜையில் இதழ்கள், பெரிய அளவில் அச்சடித்த படங்கள், ஒரு கனத்த ஆல்பம். அந்த ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் புரட்ட வேண்டும். அதில் இருப்பவை மூலப் பக்கங்கள், அதாவது அச்சுக்குப் போகும் முன் கையால் வரைந்த தாள்கள். ஓரத்தில் அழியாத பென்சில் கோடுகள், பிழையை மறைக்கப் பூசிய வெள்ளை மை, பதிப்பாசிரியருக்கு எழுதிய சிறு குறிப்பு என்று அச்சில் வராத அத்தனையும் அங்கே இருக்கும்.

வருகிறவர்கள் கையெழுத்து வாங்குவார்கள், காசு கொடுத்துப் படமும் வரையச் சொல்வார்கள். இதற்காகவே பதிப்பகங்கள் தலைப்பை மட்டும் அச்சிட்டு, அட்டையின் மற்ற இடத்தை வெறுமையாக விட்டுச் சில இதழ்களை வெளியிடுகின்றன. அந்த வெற்று அட்டையில் பேட்மேன் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு முட்டை வடிவம். அதன் நடுவே நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண் எந்த மட்டத்தில் வரும் என்பது அதோடு முடிவாகிவிடும். பிறகு தோளுக்கு ஒரு சாய்ந்த கோடு. இவ்வளவிலேயே ஆள் நிற்கும் தோரணை வந்துவிட்டது. இனி மை. முகமூடியின் ஒரு பக்கத்தை முழுக்கக் கறுப்பாக்கி, மறுபக்கத்தைத் தொடாமல் விடுகிறார். கண்ணுக்குக் கோடு கிடையாது. சுற்றிலும் கறுப்பைப் பூச, நடுவில் மிஞ்சும் வெள்ளையே கண்ணாகிறது. மை காய்ந்ததும் ரப்பரால் தேய்த்தால் முட்டையும் கோடுகளும் மறைந்து போகும். புத்தகத்தில் நாம் பார்ப்பது கடைசி நிலையை மட்டும். மறைந்துபோகும் அந்த முதல் கோடுகளைப் பார்க்கத்தான் மேஜையைச் சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள்.

இதையே பெரிய அரங்கில் செய்து காட்டும் நிகழ்ச்சியும் சான் டியாகோவில் நடந்திருக்கிறது. ‘குவிக் டிரா’ என்று பெயர். எழுத்தாளர் மார்க் எவனியர் நடத்தினார். ‘மேட்’ நகைச்சுவை இதழின் பக்க ஓரங்களில் குட்டிக் குட்டிச் சித்திரங்கள் வரைந்து புகழ்பெற்ற செர்ஜியோ அரகோனெஸ் போன்றவர்கள், கொடுத்த தலைப்புக்கு அந்த நொடியே வரைந்தார்கள். அவர்கள் கையும் தாளும் திரையில் பெரிதாகத் தெரிந்தன.

ஒரு பக்கத்துக்கு ஐந்து கை

அமெரிக்க மாத இதழ் ஒன்றில் வழக்கமாக 20 அல்லது 22 பக்கம் கதை இருக்கும். மாதத்துக்கு ஓர் இதழ் என்றால், ஓவியர் ஏறக்குறைய நாளுக்கு ஒரு பக்கம் முடித்தாக வேண்டும். ஒருவரால் எல்லாம் ஆகாது என்பதால் வேலை பிரிந்தது. எழுதுபவர், பென்சிலால் வரைபவர், மை தீட்டுபவர், வசனத்தைப் பலூனில் எழுதுபவர், வண்ணம் தருபவர் என ஐந்து கைகள்.

எழுத்தாளர் எழுதுவது நாடகப் பிரதி போன்றது. பக்கம் ஒன்று, கட்டம் ஒன்று, அதில் என்ன தெரிய வேண்டும், யார் என்ன பேசுகிறார் என்று விவரிப்பார். ஆலன் மூர் 1986-ல் தொடங்கிய ‘வாட்ச்மென்’ தொடரின் முதல் இதழுக்கு மட்டும் எழுதிய பிரதி நூறு பக்கத்தைத் தாண்டியது. ஓவியர் டேவ் கிப்பன்ஸ் அதில் வண்ணப் பேனாவால் கோடிட்டுக்கொண்டே படித்து வரைந்தார். மார்வெல் பதிப்பகத்தில் எழுத்தாளர் ஸ்டான் லீ கையாண்ட முறை இதற்கு நேரெதிர். கதைச் சுருக்கத்தை மட்டும் பேசிக்கொள்வார்கள், ஓவியர் பக்கம் பக்கமாக வரைந்துவிடுவார், அதன் பிறகுதான் வசனம் வரும். அந்த முறையில் கதை சொல்வதில் பாதி ஓவியரின் பொறுப்பு. அப்படி வரைந்த கர்பி எழுத்தாளரா, ஓவியரா என்ற விவாதம் இன்றும் ஓயாததற்கு அதுவே காரணம்.

பென்சில் ஓவியர்கள் பலர் நீல பென்சிலைப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் ஓர் அறிவியல் உண்டு. அந்தக் கால அச்சகங்களில் பக்கத்தைப் படம்பிடித்த ஃபிலிம், நீல ஒளிக்கு மிக எளிதில் மயங்கும். வெளிர்நீலக் கோட்டையும் வெள்ளைத் தாளையும் அது வேறுபடுத்திப் பார்க்காது. அதனால் நீலத்தில் எவ்வளவு கிறுக்கினாலும் அச்சில் வராது, ரப்பர் வேலை மிச்சம். இன்று ஸ்கேனரும் கணினியும் வந்துவிட்டன. நீலத்தை மட்டும் பிரித்து நீக்குவது ஒரு சொடுக்கு வேலை. ஆனாலும் நீல பென்சில் அப்படியே தங்கிவிட்டது.

மை தீட்டுபவரை வெறும் கோட்டின் மேல் கோடு இழுப்பவர் என்று நினைத்தால் தவறு. பென்சிலில் நூறு வகைச் சாம்பல் நிறம் உண்டு, மையில் கறுப்பு ஒன்றுதான். எந்தச் சாம்பல் கறுப்பாகும், எது வெள்ளையாகும் என்று ஒவ்வொரு அங்குலத்திலும் அவரே முடிவு செய்கிறார். அவருடைய முக்கியக் கருவி, மரநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு சைபீரிய விலங்கின் வால்முடியில் செய்த தூரிகை. ஒவ்வொரு முடியும் நடுவில் பருத்து, நுனியில் ஊசியாக மெலிந்திருக்கும். பருத்த இடம் மையைத் தேக்கி வைக்கும், நுனி அதைச் சிறுகச் சிறுக விடும். லேசாகத் தொட்டால் மயிரிழை, அழுத்தினால் தடித்த கோடு. ஒரே இழுப்பில் மெலிந்து, தடித்து, மறுபடி மெலியும் கோட்டை நிழல் பக்கம் கனமாகவும் வெளிச்சப் பக்கம் மெல்லியதாகவும் வைத்தால், தட்டையான தாளில் கன்னம் உருண்டு நிற்கும். மூலப் பக்கம் வழக்கமாக அச்சுப் பக்கத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். சுருங்கும்போது கையின் நடுக்கமும் சுருங்கி, கோடு கூர்மையாகிவிடும்.

பலூன் எழுதுபவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் நம் கண் எந்தக் கட்டத்திலிருந்து எதற்குப் போகிறது என்பதைப் பலூன்கள் நிற்கும் இடமே வழிநடத்துகிறது. தமிழுக்குக் கொண்டுவருபவர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். ஆங்கில வசனம் தமிழில் நீளும், பலூன் நீளாது. இந்தக் கலையில் டாட் கிளைன் பலமுறை ஐஸ்னர் விருது வாங்கியவர். காமிக்ஸின் பெரிய கௌரவமான அந்த விருதில் பலூன் எழுத்துக்கும் வண்ணத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. வில் ஐஸ்னர் என்ற ஓவிய மேதையின் பெயரால் 1988 முதல் அது வழங்கப்படுகிறது. 2005-ல் இறக்கும்வரை ஐஸ்னரும் விழாக்களுக்கு வந்து, வென்றவர்களை மேடையில் வாழ்த்தியிருக்கிறார்.

முகம் தெரிந்ததால் கிடைத்தது

டிஸ்னியின் டொனால்ட் டக் கதைகளை 1942 முதல் சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயர் அந்த இதழ்களில் வரவே இல்லை. வாசகர்கள் கோட்டின் நளினத்தை வைத்தே அவரை அடையாளம் கண்டு, ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று அழைத்தார்கள். அவர் யாரென்று தேடிக் கண்டுபிடித்து முதல் ரசிகர் கடிதம் எழுதும்போது ஆண்டு 1960 ஆகியிருந்தது.

பெயர் தெரியாத இடத்தில் பணமும் வந்து சேராது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் அதன் உரிமையை 130 டாலருக்கு விற்றவர்கள். முதுமையில் இருவரும் வறுமையில் வாடினார்கள். 1975-ல் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்த பிறகுதான் ஆண்டுதோறும் ஓய்வூதியம் கிடைத்தது, சூப்பர்மேன் கதைகளில் அவர்கள் பெயரும் திரும்ப வந்தது. ஜாக் கர்பி, தான் வரைந்த மூலப் பக்கங்களை மார்வெலிடமிருந்து திரும்பப் பெற நெடுநாள் போராடினார். பல ஆயிரம் பக்கங்களில் 1987-ல் அவர் கைக்கு வந்தது சுமார் 2,000. அந்தப் போராட்டத்தில் ரசிகர்களும் சக படைப்பாளிகளும் அவர் பக்கம் நின்றார்கள். விழாக்களில் அவரோடு கைகுலுக்கியவர்கள், அவர் வரைவதைப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். ஆளைப் பார்த்தவனுக்குத்தான் ஆளுக்கு நடக்கும் அநியாயம் உறுத்தும்.

இன்று ஓவியர் சந்தில் மூலப் பக்கம் ஒன்றை ஓவியரே விலை சொல்லி விற்கிறார் என்றால், அந்தத் தாள் அவருடையது என்று நிலைநாட்டிய முந்தைய தலைமுறை அதற்குப் பின்னால் இருக்கிறது.

நம் ஊரில்

2024-ல் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் நடந்தது. அதற்கு முன்பிருந்தே ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஒன்றுகூடி வருகிறார்கள். அடுத்த முறை இப்படி ஓர் இடத்துக்குப் போனால், கையெழுத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஓவியர் வரைந்துகொண்டிருந்தால் ஐந்து நிமிடம் நின்று, முதல் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மூலப் பக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நீலக் கோடு எங்கே, மை எந்த இடத்தில் பென்சிலை மீறியது என்று தேடுங்கள். உங்கள் ஆர்வத்தைக் கண்டு எந்தக் கலைஞரும் முகம் சுளிக்க மாட்டார்.

ஹெசுஸ் பிளாஸ்கோ 1995-ல் காலமானார். வீட்டுப் பரணில் பழைய மாயாவி இதழ் ஒன்று கிடைத்தால், எடுத்துத் தூசி தட்டுங்கள். இரும்பு விரல்களின் மேல் மை படாமல் விட்ட சின்னச் சின்ன வெள்ளைகளைக் கவனியுங்கள். அந்த வெள்ளைகள்தான் அதை இரும்பாக மின்ன வைக்கின்றன. பிறகு முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வையுங்கள்: மாயாவிக்கு உருவம் தந்தவர், ஹெசுஸ் பிளாஸ்கோ.