உஷார்! உங்கள் தாடைக்குள் போகும் சேலைன் எந்தப் போத்தலில் இருந்து வருகிறது?

தமிழ்நாட்டின் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்த பத்துப் பேருக்கு மூளை வரைக்கும் கிருமி ஏறியது. எட்டுப் பேர் செத்துப்போனார்கள். 2022–23இல் நடந்தது. வேலூர் சி.எம்.சி. வைத்தியர்களும் இந்திய அரசின் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் துருவித் துருவி விசாரித்த முழு விவரம் 2025இல்தான் வெளியே வந்தது.

காரணம் ஒரு சேலைன் போத்தல். முரசைக் கிளப்பப் பாவிக்கும் ஆயுதத்தாலேயே அதன் மூடியைக் குத்தித் திறந்திருக்கிறார்கள். பிறகு பஞ்சால் அடைத்து வைத்து, அடுத்த ஆளின் வாயையும் அதற்கடுத்த ஆளின் வாயையும் அதே தண்ணியால் கழுவியிருக்கிறார்கள். பாதி பாவித்த போத்தலுக்குள் கிருமி அகப்பட்டது. அதன் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமாலி; அது தரும் நோய் மெலியோய்டோசிஸ்.

"அது இந்தியாவில்தானே" என்று திருகோணமலைக்காரர் யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அந்தக் கிருமி ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல, மண்ணில் வாழ்வது. ஈரமண்ணும் சேற்றுத்தண்ணியும்தான் அதன் வீடு. இலங்கையில் அது 1927லேயே பதிவாகிவிட்டது. மாரி காலத்தில், வயலில் இறங்கி வேலை செய்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் என்று நம் மாவட்டத்தின் பாதிப் பிழைப்பே வயலில்தான் இருக்கிறது. போதாததற்கு, அது முதலில் தேடிப் பிடிப்பது சீனி வருத்தக்காரரை. வீட்டுக்கு ஒரு கிளினிக் கொப்பி இருக்கும் ஊரில் இதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பல் இம்பிளாண்டுக்கு வருகிறேன். வாணியம்பாடியில் பாதிக்கப்பட்டவர்கள் சாதாரணப் பல் வேலைக்காகப் போனவர்கள். இம்பிளாண்ட் அதைவிட ஆழமான வேலை. முரசை வெட்டித் திறந்து, தாடை எலும்பில் துளை போட்டு, டைட்டேனியம் திருகாணியை இறக்குவார்கள். துளைக்கும்போது எலும்பு சுடும். 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு உயிரணுக்கள் சாகத் தொடங்கும். பிறகு திருகாணி ஒட்டாது. அதனால் துளைக்கும் நேரம் முழுக்கச் சேலைனை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, திறந்த எலும்புக்குள் நேரே தண்ணி போகிறது. அந்தத் தண்ணி புதிதாக உடைத்த போத்தலில் இருந்து வர வேண்டும். தண்ணி போகும் குழாயும் கிருமிநீக்கிய குழாயாக இருக்க வேண்டும். நாற்காலியில் பூட்டியிருக்கும் தாங்கித் தண்ணி இதற்கு உதவாது. கதிரையில் சாயுமுன் "போத்தலை என் முன்னால் உடைப்பீர்களா டொக்டர்?" என்று கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அட்வான்ஸ் காசு போனால் போகட்டும்.

இம்பிளாண்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை. சுவீடனில் பிரானமார்க் என்ற பேராசிரியர் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்த திருகாணிகள், அந்த நோயாளி 2006இல் இறக்கும்வரை வேலை செய்தன. ஒழுங்காகச் செய்தால் பக்கத்துப் பல்லை அராவாமல், கட்டுப்பல்லைப் போலக் கழற்றி மாட்டாமல் இறைச்சி கடித்துச் சாப்பிடலாம். பயமெல்லாம் அவசரக்காரர் மேலும், படிக்காமல் கை வைப்பவர் மேலும்தான்.

அவசரம் எங்கிருந்து வருகிறது? கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் லீவில் வருகிற சொந்தங்களிடமிருந்துதான். அங்கே ஒரு பல்லுக்குக் கேட்கிற காசில் இங்கே வாயையே கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு, நிலாவெளிக் கடலுக்கும் கோணேசர் கோயிலுக்கும் நடுவில் பல்லையும் செருகிக்கொள்ளப் பார்க்கிறார்கள். எலும்பு டைட்டேனியத்தைப் பிடித்துக்கொள்ளப் பொதுவாக மூன்று மாதம் வேண்டும். மேல்தாடையில் ஆறு மாதம்கூட ஆகலாம். அன்றைக்கே பல் பூட்டுகிற முறையும் உண்டு, ஆனால் அது தெரிந்தெடுத்த சிலருக்குத்தான். இரண்டு வாரத்தில் எல்லாம் முடிக்கிறோம் என்று எல்லாருக்கும் சொல்பவர் உங்கள் எலும்பைப் பார்த்துச் சொல்லவில்லை, விமான டிக்கெட்டைப் பார்த்துச் சொல்கிறார். வெளிநாட்டுக்குத் திரும்பிப் போன பிறகு திருகாணி ஆடினால், எந்தக் கம்பனி, என்ன அளவு என்று அங்குள்ள பல் டொக்டர் கேட்பார். ஒரு கம்பனியின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கம்பனிப் பெயரும் தொகுதி இலக்கமும் எழுதிய அட்டையைக் கையில் வாங்காமல் கிளினிக் வாசலைத் தாண்டாதீர்கள்.

யார் செய்கிறார் என்பது அடுத்தது. பல் கட்டிக் கொடுப்பவர் எல்லாரும் பல் வைத்தியர் அல்லர். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். தனியார் கிளினிக், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்து சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும். சுவரில் தேடுங்கள். இல்லையா? கேளுங்கள். வெறும் எக்ஸ்ரே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நாளைக்கே வாருங்கள் என்பவரிடமும் உஷார். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. துளை அதில் பட்டால் உதடும் நாடியும் விறைத்துப் போகலாம், சிலருக்கு நிரந்தரமாகவே. எலும்பின் உயரமும் அகலமும் சரிவரத் தெரிய முப்பரிமாண ஸ்கேன்தான் உதவும்.

உங்கள் பக்கத்துச் சங்கதிகளை ஒளிக்காதீர்கள். மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ1சி முடிவைக் கொண்டுபோங்கள். எலும்புத் தேய்வுக்குக் குளிசையோ ஊசியோ எடுக்கும் அம்மாமார் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வகை மருந்துகள் சிலவற்றால் வெட்டிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப் போவதுண்டு. சிகரெட்டை விடாதவருக்குத் திருகாணி தோற்கும் வாய்ப்பு அதிகம். வெற்றிலையும் பாக்கும் போயிலையும் ஓயாமல் மெல்லும் ஐயாமாருக்கு வேறொரு கதை: வாய் திறக்கும் அளவு சுருங்கியிருந்தாலோ, கன்னத்துக்குள் வெள்ளைத் தடிப்போ சிவப்புத் திட்டோ இருந்தாலோ, இம்பிளாண்டை மறந்துவிட்டு நேரே திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவில் காட்டுங்கள். இலங்கை ஆண்களிடம் முன்னணியில் இருக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான்.

காசில்லாதவர் கடன்பட்டு இம்பிளாண்ட் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. நன்றாகப் பொருந்துகிற கட்டுப்பல் வெட்கப்படுகிற விசயமல்ல.

செய்துகொண்டு விட்டீர்களா? விடாத காய்ச்சல், தலையிடி, முகவீக்கம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகம் ஒரு பக்கம் கோணல் என்று எது வந்தாலும் பார்மசியில் அமொக்சிலின் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். மெலியோய்டோசிஸ் கிருமி அதற்கு மசியாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தம் எடுக்கிற டொக்டரிடம், அவர் கேட்காவிட்டாலும், எந்தத் திகதியில் எந்த இடத்தில் பல் வேலை செய்தீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.