டிஸ்க் கோணவில்லை

வேகத்தில் போகும் காரில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் தடதடவென்று ஆடினால், பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும்: "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு சார், லேத்துல குடுத்து எடுத்துடலாம்." சூடு பட்டால் இரும்பு கோணும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதனால் இந்தத் தீர்ப்பின் மேல் யாரும் அப்பீல் போவதில்லை. கரோல் ஸ்மித் போனார். அறுபதுகளில் லெ மான் பந்தயத்துக்காக ஃபோர்டு ஜிடி40 கார்களைத் தயார் செய்த அணியில் இருந்த எஞ்சினியர் அவர். பந்தயக் கார்களைத் தயார் செய்வது பற்றி அவர் எழுதிய புத்தகங்களைத் தொழில்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். நாற்பது ஆண்டுப் பந்தய வாழ்க்கையில் கோணிப்போன டிஸ்க் ஒன்றைக்கூடத் தாம் பார்த்ததில்லை என்று அவர் எழுதிவைத்தார்.

அப்படியானால் ஆடுவது எது? டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும்வரை கேலிப்பர் என்ற கவ்வி தன் பேடுகளால் அதை ஒரே சீராகப் பிடிக்கும். ஓரிடத்தில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே போதும். அந்த இடம் பேடுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படும், பிரேக் ஆயிலின் அழுத்தம் ஏறி இறங்கும், அது மிதியில் துடிப்பாகவும் ஸ்டியரிங்கில் ஆட்டமாகவும் வந்து சேரும். தலைமுடியின் பருமனில்கூட பாதி இல்லாத அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம்.

முதல் காரணம் சூடு. ஆனால் அது இரும்பை வளைப்பதில்லை. வேறு வேலை செய்கிறது. 1,500 கிலோ எடையுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க வேண்டுமென்றால் சுமார் 23 லட்சம் ஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும். ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. நல்ல பிரேக் இதை ஐந்தாறு வினாடியில் முடித்துவிடும். இதில் மூன்றில் இரண்டு பங்கை முன் டிஸ்க்குகள் வாங்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பத்து கிலோ என்றால் ஒரே நிறுத்தத்தில் அவற்றின் வெப்பநிலை 150 டிகிரி ஏறிவிடும். சாலையில் அது ஆறுவதற்கு நேரம் உண்டு. பந்தயத் தடத்தில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

அந்தச் சூட்டில் பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் படிகிறது. இது கெடுதல் இல்லை. பிரேக் பிடிப்பதில் பெரும் பங்கு இந்தப் படலத்துக்குத்தான். புதிய டிஸ்க்கும் பேடும் போட்டதும், முழுதாக நிறுத்தாமல் பலமுறை வேகத்தைக் குறைத்துக் கூட்டி ஓட்டச் சொல்வது இந்தப் படலம் சீராகப் படிவதற்காக. சீர்கெட்டால்தான் வம்பு. பந்தயத் தடத்தில் நாலு சுற்று விரட்டிவிட்டு, நேராக வந்து நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கொதிக்கும் பேடு அசையாத டிஸ்க்கில் அப்படியே அப்பிக்கொள்ளும். பேடின் வடிவத்திலேயே கருத்த தடம் விழும். நிற்பதற்கு முன் பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக ஓட்டச் சொல்வதும், நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாதே என்பதும் இதற்காகத்தான்.

இந்தத் திட்டு அடுத்த முறை பிரேக் பிடிக்கும்போது மற்ற இடங்களைவிட அதிகமாக உரசுகிறது. அதனால் அதிகமாகச் சூடாகிறது. அதனால் இன்னும் கொஞ்சம் பொருள் அங்கேயே ஒட்டுகிறது. அந்த இடத்தின் சூடு 650, 700 டிகிரியைத் தொட்டால் கதையே மாறிவிடும். வார்ப்பிரும்பில் உள்ள கார்பன் இரும்போடு கூடி சிமென்டைட் என்ற சேர்மமாகிவிடுகிறது. சிமென்டைட் மிகக் கடினமானது, எளிதில் தேயாது. சுற்றியிருக்கும் இரும்பு தேயத் தேய இந்த இடம் மட்டும் மேடாக நிற்கும். அது மேற்பரப்போடு நிற்பதில்லை, உள்ளேயும் இறங்கியிருக்கும். லேத்தில் மேலாகச் சீவிக்கொண்டு வந்தால் சில நாள் சுகமாக ஓடும், பிறகு அதே ஆட்டம் திரும்பி வரும். இந்த நிலைக்கு வந்த டிஸ்க்கைக் கடையக் கொடுப்பது வீண் செலவு என்றே நினைக்கிறேன். பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதியதற்கும் அந்த அளவுக்கும் நடுவே இருப்பது பொதுவாக இரண்டு மில்லிமீட்டர்தான். அதில் பாதியை லேத்துக்கே தின்னக் கொடுப்பானேன்?

இரண்டாவது காரணம் சூட்டோடு சம்பந்தமே இல்லாதது. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் கொஞ்சம் துரு இருந்தாலோ, வீல் போல்ட்டுகளை ஏர் கன்னால் ஏறுமாறாக முடுக்கியிருந்தாலோ டிஸ்க் ஒரு நூல் சாய்ந்து சுழலும். அன்றைக்கு எதுவும் தெரியாது. ஆனால் பிரேக் பிடிக்காத நேரத்திலும் சாய்ந்த பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தட்டிவிட்டுப் போகிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் இப்படியே தட்டித் தட்டி அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். ஆட்டம் தொடங்கும்போது டயர் மாற்றிய கடையின் ஞாபகமே யாருக்கும் இருக்காது. பழி டிஸ்க்கின் மேல் விழும். புது டிஸ்க் அதே துருவின் மேல் உட்காரும். டயல் கேஜை வைத்துச் சுழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்குமேல் பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் டிஸ்க் மாற்றுகிற இடத்தில் நான் காரை விடமாட்டேன்.

இதுவரை ஆட்டம், இனி தேய்மானம். உள்பக்க பேடு மட்டும் தேய்ந்திருந்தால் இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. பெரும்பாலும் கேலிப்பர் நகர உதவும் ஊசி (ஸ்லைடு பின்) இறுகியிருக்கும், அவ்வளவுதான்.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முந்தித் தேய்வதுதான் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களைக் குழப்புகிறது. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும், ஆகவே முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம் என்று படித்திருக்கிறோம். போர்ஷே 911-இல் எஞ்சினே பின்னால் இருப்பதால் பின் பிரேக்குகளின் பங்கு அங்கே கொஞ்சம் கூடுதல். ஆனால் பெரிய காரணம் ஓட்டுநருக்குத் தெரியாமல் நடக்கிறது. பின்சக்கரம் சுழன்று வழுக்கினால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் அதன் பிரேக்கைப் பிடிக்கிறது. வளைவில் காரை உள்ளே இழுக்க உட்புறப் பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கிற ஏற்பாடும் பல கார்களில் உண்டு. இதையெல்லாம் அணைக்காமல் பந்தயத் தடத்தில் ஓட்டினால், ஆக்சிலரேட்டரை மிதிக்கிற நேரத்திலும் பின் பேடும் டிஸ்க்கும் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கும் இந்தத் தந்திரத்தை உலகுக்குக் காட்டிக்கொடுத்ததே ஒரு டிஸ்க்தான். 1997-இல் ஆஸ்திரியாவில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் மெக்லாரன் கார்களின் பின் டிஸ்க், வேகம் எடுக்க வேண்டிய இடத்தில் சிவந்து ஒளிர்வதைப் புகைப்படக்காரர் டேரன் ஹீத் கவனித்தார். பிரேக் பிடிக்கக் காரணமே இல்லாத இடம் அது. ஒரு வாரத்துக்குப் பின் நூர்பர்க்ரிங்கில் ஒரு மெக்லாரன் பழுதாகி நின்றபோது, காக்பிட்டுக்குள் கேமராவை நீட்டிப் படமெடுத்தார். உள்ளே கூடுதலாக ஒரு பிரேக் மிதி இருந்தது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் பிடித்து வளைவில் காரைத் திருப்ப வைத்திருந்த மிதி. 1998 சீசனின் தொடக்கத்திலேயே அது தடை செய்யப்பட்டது. 2011-இல் அதே மெக்லாரன், எம்பி4-12சி என்ற தன் சாலைக் காரில் அதே வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தது. சாலையில் அதற்குத் தடை ஏதும் இல்லை.

இரும்பை விட்டுவிட்டு கார்பன் செராமிக் டிஸ்க்குக்குப் போனால் தேய்மானமே இல்லை என்று சொல்லி விற்கிறார்கள். 2001-இல் 911 ஜிடி2-வில் போர்ஷே இதைக் கொண்டுவந்தது. எடை இரும்பில் ஏறக்குறைய பாதி, சாதாரண ஓட்டத்தில் ஆயுளும் மிக நீளம். ஆனால் பந்தயத் தடத்தின் கடும் சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் நாரைக் காற்றின் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும். தடிமன் பெரிதாகக் குறையாது, எடைதான் குறையும். ஆகவே அந்த டிஸ்க்குகளில் தடிமனோடு குறைந்தபட்ச எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் மட்டும் முடிவு சொல்ல முடியாது. கழற்றிச் சுத்தம் செய்து தராசில் வைக்க வேண்டும்.