மூன்று பந்துகள் சொல்லும் பாடம்

முதன்முதலில் சைக்கிள் ஓட்டக் கற்ற நாள் நினைவிருக்கிறதா? கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும், உடல் மறுபக்கம் சாயும், முழங்காலில் சிராய்ப்பு. இன்றோ அதே சைக்கிளில் நண்பனோடு பேசிக்கொண்டே போகிறோம். இடையில் மாறியது எது? கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியது மூளை.

ஆயினும், புதிய பொழுதுபோக்கு ஒன்றில் இறங்க நாம் தயங்குகிறோம். "எனக்கு வராது", "பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்", "வயதாகிவிட்டது" என்று காரணங்கள் சொல்கிறோம். இத்தயக்கங்களுக்கு எளிய விளையாட்டு ஒன்று விடை தருகிறது. மூன்று பந்துகளை இரு கைகளால் மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பதே அது. சர்க்கஸ் கோமாளியின் வித்தை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நம் பெண்கள் பாடிக்கொண்டே ஆடிய அம்மானையும் இவ்வகையைச் சேர்ந்ததுதான்.

கைகள் இரண்டு, பந்துகள் மூன்று. எனவே ஒரு பந்தாவது எப்போதும் காற்றில் இருக்க வேண்டும். கைமட்டத்திலிருந்து 80 செ.மீ. உயரம் எறியப்பட்ட பந்து திரும்பிவர ஏறத்தாழ 0.8 விநாடி ஆகும். அதற்குள் மற்றொரு பந்தை எறிந்து கையைக் காலியாக்க வேண்டும். இன்னும் உயரமாக எறிந்தால் நேரம் கிடைக்காதா? கிடைக்கும், ஆனால் இரு மடங்கு நேரம் வேண்டுமானால் நான்கு மடங்கு உயரம் எறிய வேண்டும்! உயரம் கூடினால் குறியும் தவறும். ஆகவே அளவான உயரமே நல்லது.

2004-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்விளையாட்டை அறியாத 24 பேரை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு மட்டும் மூன்று மாதம் பயின்று, ஒரு நிமிடமாவது பந்து விழாமல் ஆடக் கற்றது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் காந்த ஒத்ததிர்வு முறையில் எல்லோருடைய மூளையையும் படம் பிடித்தனர். பயின்றவர்களின் மூளையில், நகரும் பொருள்களைக் கண்டுணர உதவும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் சற்றே பெருகியிருந்தது. மற்றக் குழுவில் அம்மாற்றம் இல்லை. பயிற்சியை நிறுத்தி மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பெருகியது குறைந்திருந்தது!

2009-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப்பின், மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளாலான வெண்பொருளிலும் மாற்றம் தென்பட்டது. இதில் வியப்பு என்னவென்றால், நன்றாக ஆடியவர், தடுமாறியவர் என்ற வேறுபாடின்றி அது காணப்பட்டது. திறமையைவிடப் பயிற்சிக்குச் செலவிட்ட நேரமே முக்கியம் என்பது ஆய்வாளர் கருத்து. கீழே விழும் பந்தும் வீணல்ல என்பது விளங்குகிறதல்லவா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. 2008-இல் வெளியான மற்றோர் ஜெர்மன் ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 60. இளைஞரைப்போல் அவர்களால் எளிதில் கற்க முடியவில்லை. ஒரு நிமிடம் தொடர்ந்து ஆடியவர்கள் சிலரே. ஆனால் கற்றவர்களின் மூளையில் மாற்றம் நிகழ்ந்தது. வளைவது கடினம், ஆனால் வளையும்!

பந்தெறியக் கற்றவர் கணக்கிலும் புலியாகிவிடுவார் என்று இதற்குப் பொருளல்ல. எதைப் பழகுகிறோமோ, அதற்குரிய மூளைப் பகுதியே பயன் பெறுகிறது. அதனால்தான் பழகியதையே திரும்பத் திரும்பச் செய்யாமல், இடையிடையே பழகாத ஒன்றையும் தொடங்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள். மூன்று சிறு துணிப்பைகளில் மணல் நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள், விழுந்தால் உருண்டோடாது. கட்டிலை நோக்கி நின்றால் குனிந்து எடுக்கும் சிரமமும் இல்லை. முதலில் ஒரே பையை ஒரு கையிலிருந்து மறுகைக்குக் கண்மட்ட உயரத்தில் எறியுங்கள். பிறகு இரண்டு: முதல் பை உச்சியை எட்டும்போது அடுத்ததை எறிய வேண்டும், கைக்குக் கை கொடுத்து மாற்றக்கூடாது. இது படிந்தபின் மூன்றாவதைச் சேருங்கள். கையைப் பார்க்காமல் பைகள் உச்சியில் திரும்பும் இடத்தையே பாருங்கள். அந்த இடத்தைக் கொண்டே, பை எங்கே விழும் என்பதை மூளை கணித்துக்கொள்ளும்.

முதல் நாள் எறிவதைவிடப் பொறுக்குவதே அதிகமாக இருக்கும். தம்பி தங்கைகள் சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும்! தவறும் ஒவ்வொரு எறியிலும் கணக்குக்கும் விளைவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுமூளை கண்டறிந்து, அடுத்த எறியைத் திருத்துகிறது. அந்தத் தடுமாற்றமே கற்றல். நாளைக்கு அவர்களும் ஒரு பையைக் கேட்டு உங்களிடம் வந்து நிற்பார்கள்.