பதினேழு ஆபரேஷனுக்குப் பிறகும் மைதானம்!

யாருக்காவது கால் எலும்பு முறிந்துவிட்டது என்றால் நாம் என்ன செய்வோம்? "மாவுக்கட்டு போட்டாச்சில்லே, ஆறு வாரத்தில் கூடிடும், கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லி, கையில் கொண்டு போன பழத்தைக் கொடுத்துவிட்டு வருவோம். பெரும்பாலும் அப்படித்தான் கூடியும் விடுகிறது. ஆனால் முறிந்த எலும்பு தோலைக் கிழித்து, அந்தப் புண்ணில் கிருமியும் புகுந்துவிட்டால்?

அமெரிக்க விளையாட்டு வீரர் அலெக்ஸ் ஸ்மித்துக்கு அப்படித்தான் ஆயிற்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு அவரை விட அவர் மனைவி எலிஸபெத்தின் நினைப்புதான் அதிகம். அப்போது அவர்களுக்கு மூன்று சின்னக் குழந்தைகள்!

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் பிள்ளைகள் தெருவில் உதைக்கிற பந்து இல்லை. அது முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும்தான் அதிகம். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிறவரை 'குவார்ட்டர்பேக்' என்பார்கள். அணிக்கே மூளை மாதிரி. அதனால் எதிரணியில் மலை மலையாக இருக்கும் ஆட்கள் அவரைக் குறி வைத்தே ஓடி வந்து சாய்ப்பார்கள்.

2018 நவம்பர் 18. வாஷிங்டன் அணிக்காக ஹூஸ்டன் அணியை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தார் அலெக்ஸ். வயது 34. இரண்டு பேர் வந்து சாய்த்ததில், வலது முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும் முறுக்கினாற்போல் முறிந்து, தோலையும் கிழித்துவிட்டன. இதே வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் கால் முறிந்து விழுந்ததும் இதே தேதியில்தான், 1985-இல். தைஸ்மன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

ஜுரம் சொன்ன சேதி

உடனே ஆபரேஷன் செய்து எலும்பைப் பொருத்தினார்கள். அப்பாடா என்று இருக்கும்போது, சில நாட்களில் ஜுரம் ஏறியது. இரத்த அழுத்தம் இறங்கியது. காலில் கொப்புளங்கள் கிளம்பின, தோல் கறுத்தது. சதையைத் தின்னும் கிருமித் தொற்று! கிருமியின் தாக்குதலில் உடம்பே நிலைகுலைந்து போகும் 'செப்ஸிஸ்' என்ற அபாய நிலைக்குப் போய்விட்டார்.

எலும்பு முறிவு அவர் உயிருக்கு உலை வைக்கவில்லை. புண்ணில் புகுந்த கிருமிதான் வைத்தது. இதை நாம் நன்றாக மனசில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கெட்டுப்போன சதையை வெட்டி எடுக்க ஆபரேஷன் மேல் ஆபரேஷன். முதலில் உயிர், அடுத்தது கால், மற்றதெல்லாம் பிறகு என்பதுதான் டாக்டர்கள் வைத்த வரிசை. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிடலாமா என்ற பேச்சும் வந்தது. அந்த நாட்களில் பல, அலெக்ஸுக்கு நினைவிலேயே இல்லை. பக்கத்தில் இருந்து டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, முடிவெடுக்க வேண்டிய பாரம் எலிஸபெத்தின் தலையில்.

கடைசியில் காலைக் காப்பாற்றிப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். இடது தொடையிலிருந்து சதையை எடுத்து வலது காலில் வைத்தார்கள். மொத்தம் 17 ஆபரேஷன்கள்!

மறுபடி பந்து

வீட்டுக்கு வந்த பிறகும் சக்கர நாற்காலிதான். குளிப்பதற்குக்கூடத் துணை வேண்டும். காலைச் சுற்றி உலோக வளையங்கள், அவற்றிலிருந்து தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகள். 2019 ஜூலை வரை அந்தக் கூண்டோடுதான் இருந்தார். தம் காலைத் தாமே பார்க்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

இப்படிப்பட்ட காயம் போரில் குண்டு வெடித்த வீரர்களுக்குத்தான் வரும் என்று, ராணுவத்தின் சிறப்பு அனுமதி வாங்கி, டெக்ஸாஸ் மாநிலம் ஸான் அன்டோனியோவில் உள்ள ராணுவ மறுவாழ்வு மையத்துக்குப் போனார். கால் இழந்த வீரர்கள் அங்கே பயிற்சி செய்வதைப் பார்த்ததும் அவருக்கும் தைரியம் வந்தது. பயிற்சியின் நடுவே அவர் கையில் ஒரு பந்தைக் கொடுத்தார்கள். அதை எறிந்தபோதுதான் பழைய அலெக்ஸ் கொஞ்சம் திரும்பினார்.

நானாக இருந்தால், "இனிமேல் அந்தப் பந்தைத் தொடக் கூடாது" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருப்பேன்! எலிஸபெத் அப்படிச் செய்யவில்லை. கணவரின் காலிலிருந்து கழற்றிய அந்தக் கம்பிக் கூண்டைக் கொண்டே வெற்றிக் கோப்பை மாதிரி ஒன்றைச் செய்வித்துக் கொடுத்தார்.

2020 அக்டோபர் 11. ஒரு வீரர் அடிபட்டு வெளியேற, கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்குப் பிறகு அலெக்ஸ் களத்தில் இறங்கினார். மனைவியும் குழந்தைகளும் பார்வையாளர் வரிசையில். சீக்கிரமே ஒரு பெரிய ஆள் முதுகில் ஏறிச் சாய்த்தார். அலெக்ஸ் எழுந்து நின்றார்! அந்தப் பருவத்தில் அவர் தொடங்கிய 6 ஆட்டங்களில் அணி 5-ஐ வென்றது. மீண்டு வந்த சிறந்த வீரர் என்ற விருதும் கிடைத்தது. 2021 ஏப்ரலில் தாமாகவே ஓய்வு பெற்றார்.

பழைய கால் முழுசாகத் திரும்பிவிடவில்லை. நரம்பும் சதையும் போனதால் பாதத்தைத் தூக்குவது சிரமம். அதற்கென்று ஒரு தாங்கியைக் கட்டிக்கொண்டுதான் ஆடினார்.

நம் வீட்டில் கவனிக்க

எலும்பு முறிந்த இடத்தில் தோலும் கிழிந்திருந்தால் எண்ணெய் தேய்ப்பது, நீவி விடுவது, எலும்பை உள்ளே தள்ளுவது எதுவும் கூடாது. சுத்தமான துணியால் மூடி, கால் அசையாமல் பலகையோ கம்போ வைத்துக் கட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடிபட்ட பிறகோ, ஆபரேஷனுக்குப் பிறகோ ஜுரம், காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி, வேகமாகப் பரவும் சிவப்பும் வீக்கமும், கொப்புளம், தோல் கறுப்பது, புத்தி தடுமாறிப் பேசுவது — இதில் எது தெரிந்தாலும், "காலையில் பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். இந்தத் தொற்றில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

இன்னொன்றும் உண்டு சகோதரிகளே. ஆபத்து நீங்கியதும், டாக்டர் அனுமதித்த அளவுக்கு, நோயாளிக்கு ஏதாவது வேலை கொடுங்கள். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா படுங்க" என்று நாம் அன்பாகச் சொல்வதே அவர்களைத் தளர்த்திவிடும். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் மாமியாரிடம் கீரையை ஆயக் கொடுங்கள், பேரனுக்குப் பாடம் சொல்லித் தரச் சொல்லுங்கள். அலெக்ஸுக்குப் பந்து போல, அவரவருக்கு ஒன்று இருக்கும். அது என்ன என்பது வீட்டில் இருக்கிற நமக்குத்தானே தெரியும்!