உங்களுக்குத் தெரியுமா? கோசோங் டீ முதல் 13 விநாடிப் பச்சை வரை!

சென்னையில் ஆறு மணிக்கே எட்டிப் பார்க்கும் சூரியன், சிங்கப்பூரில் ஏழு மணி வரை தூங்குகிறது! தப்பு சூரியன் மேல் இல்லை, கடிகாரத்தின் மேல்! 1981 டிசம்பர் 31 இரவு, மணி 11.30 ஆனதும் முள்ளை அப்படியே 12-க்குத் தள்ளிவிட்டார்கள். ஊர் முழுக்க ஒரே நொடியில் அரை மணி நேரம் காணாமல் போனது! இன்றைக்கும் இங்கே ஆறரை மணி வாக்கிங் என்றால் கும்மிருட்டு வாக்கிங்தான்!

இருட்டில் எங்கே நடப்பது? தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது. மூடுவது நள்ளிரவு 12 மணிக்கு! 1859-ல் பிறந்த பூங்கா. 2015-ல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிவிட்டது. உலகப் புகழ்பெற்ற அந்த இடத்தில் தினமும் நடைப்பயிற்சி செய்ய நுழைவுக் கட்டணம் எவ்வளவு? பூஜ்யம்!

பூங்காவையும் பூங்காவையும் இணைக்கும் பாதைகள் மட்டும் 300 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன! தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருப்பதோ சுமார் 50 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரின் நீளத்தைவிட ஊருக்குள் நடக்கும் பாதை ஆறு மடங்கு நீளம்!

மலாயா ரயில் ஓடிய தடமும் இப்போது நடைபாதைதான். 24 கிலோமீட்டர்! அந்தத் தடத்தில் கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து. எஞ்சின் அறையில் உட்கார்ந்து ஓட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜொகூர் சுல்தான்! சாட்சாத் மன்னரே!

கொட்டுகிற மழையிலும் சிராங்கூன் சாலைப் பூக்கடையையும் நகைக்கடையையும் நனையாமல் தாண்டுகிறீர்களே, அந்த ஐந்தடி நடைபாதைக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? ராஃபிள்ஸுக்கு! கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை விடாமல் தொடர வேண்டும் என்று அவர் உத்தரவு போட்ட ஆண்டு 1822. இருநூறு வருஷ உத்தரவு இன்னும் குடை பிடிக்கிறது! அது போதாதென்று, 2013-ல் அறிவித்த ஒரு திட்டத்தில் ரயில் நிலையங்களைச் சுற்றிக் கூரை போட்ட பாதை இன்னும் 200 கிலோமீட்டர்!

இனி வருவது நான் தேடிப் பிடித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. "தினமும் 10,000 காலடி நடக்கணும்" என்று சொல்கிறோமே, எந்த டாக்டர் சொன்னது? எந்த டாக்டரும் சொல்லவில்லை! 1965-ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்த கம்பெனி வைத்த எண் அது!

அப்படியானால் உண்மையில் எத்தனை போதும்? 2019-ல் ஹார்வர்டில் ஓர் ஆய்வு வெளியானது. 16,741 பெண்கள். சராசரி வயது 72. நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களுக்கே, 2,700 நடந்தவர்களைவிட மரண அபாயம் 41 சதவீதம் குறைவு! சுமார் 7,500-ஐத் தாண்டிய பிறகு பலன் ஏறவே இல்லை! ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஐ-மின் லீ. அவர் மருத்துவப் பட்டம் வாங்கியது எங்கே தெரியுமா? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்!

நடந்தால் பற்றுச்சீட்டு கிடைக்கும் ஊர் இது! சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-ல் 'நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்' தொடங்கியது. கையில் கட்டிக்கொள்ள இலவசப் பட்டை. நடக்க நடக்கப் புள்ளிகள். புள்ளிகள் சேர்ந்தால் கடையில் சாமான் வாங்கப் பற்றுச்சீட்டு! பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நிறுத்தத்தையே சுற்றிச் சுற்றி நடக்கும் அக்காவைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். அன்றைய கணக்கில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்!

அதற்கும் முன்பே, 1993-ல், பாடாங் திடலில் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் உடற்பயிற்சி செய்தார்கள். முன்னால் நின்று கையைக் காலை ஆட்டியவர் பிரதமர் கோ சோக் டோங்!

முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதனைப் பார்க்க மாளிகைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடலோரப் பாதையே போதுமாக இருந்தது! காலை நடைக்கு அங்கே வருவார். வாழ்ந்தது 92 வயது வரை! அவர் நடந்த அந்தப் பூங்கா இருக்கும் இடம் ஒரு காலத்தில் கடல்!

சி. குணாளன் தெரியும்தானே? 1968, மெக்சிகோ ஒலிம்பிக்ஸ். 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க எத்தனை வருஷம் ஆனது? 33! 2001-ல் யு. கே. ஷியாம் ஓடிய நேரம் 10.37. வித்தியாசம், விநாடியில் நூறில் ஒரு பங்கு!

பெண்களைச் சொல்லாமல் விட முடியுமா? 1983 தென்கிழக்காசிய விளையாட்டுகள், சொந்த மண்ணில் மாரத்தான், தங்கம் கே. ஜெயமணிக்கு!

சரி, டீ குடிக்கலாமா? தேக்கா உணவங்காடிக்கு வாருங்கள். "அண்ணே, தே சி கோசோங் ஒண்ணு!" என்று குரல் கொடுத்தால் போதும். பால் உண்டு, சர்க்கரை துளியும் கிடையாது! "தே சியூ டாய்" என்றால் இனிப்பு கம்மி. "தே ஹாலியா" என்றால் இஞ்சி மணக்க மணக்க. டாக்டர் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கும் அறிவுரையை இந்த ஊர் இரண்டே சொல்லில் ஆர்டர் செய்துவிடுகிறது! அண்ணன் கேள்வியே கேட்கமாட்டார். குவளையைத் தூக்கி ஒரு ஆற்று ஆற்றி, நுரை ததும்ப வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்!

பானங்களுக்கு மார்க் போடும் ஊரும் இதுதான்! ஏ, பி, சி, டி. பாட்டில், டப்பாப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30-ல் தொடங்கியது. ஒரே வருஷத்தில் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் வந்துவிட்டது! 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரையா? டி! டி வாங்கிய பானத்துக்கு விளம்பரமே செய்யக் கூடாது! இப்படித் தடை போடப்போவதாக உலகத்திலேயே முதன்முதலில் அறிவித்த நாடு சிங்கப்பூர்!

பலித்ததா என்று கேட்பீர்கள். 2017-ல் பாட்டில், டப்பாப் பானங்களில் சர்க்கரையின் இடைநிலை அளவு 7.1 சதவீதம். 2023-ல்? 4.6!

உப்பில் மட்டும் நாம் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறோம். மனசு கேட்காமல்தான் சொல்கிறேன். நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும். 2022 கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசி சாப்பிட்டது 3,620! ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டுமே!

தேக்கா சந்தைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது! 1915-ல் சாலைக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். 1982-ல் இந்தப் பக்கம் வந்தது. தேக்கா நிலையம் என்ற பெயர் வைத்ததோ 2000-ல்தான்! முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, வெந்தயக்கீரை, என்ன வேண்டும் சொல்லுங்கள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் தட்டில் போடுவார்கள் நம் அம்மாக்கள்! "ஒடிக்காதீங்கம்மா" என்று கடைக்காரர் சொல்வதற்குள் பத்துக் காய் ஒடிந்திருக்கும்! சிங்கப்பூர் சாப்பிடும் உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு கட்டுக் கீரை வாங்குவதே பல நேரம் வெளிநாட்டுச் சரக்கு வாங்குவதுதான்!

வாழை இலையில் சாதம் எவ்வளவு இருக்க வேண்டும்? கால் பங்கு! இன்னொரு கால் பங்கு பருப்பு, மீன், கோழி. பாதி இலை முழுக்கக் காயும் பழமும்! சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 2014-ம் வருஷத்து 'ஆரோக்கியத் தட்டு'க் கணக்கு இது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இலை போட்டு உட்காரும்போது ஞாபகம் வையுங்கள். கூட்டும் பொரியலும் இரண்டாம் முறை கேளுங்கள், சாதத்தை அல்ல!

சைவம்தான் பிடிக்குமா? கோமள விலாஸ் சிராங்கூன் சாலையில் தோசை வார்க்கத் தொடங்கியது 1947-ல்! இந்தியச் சுதந்திரத்துக்கும் அதே வயது!

குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். காய்ச்ச வேண்டாம், வடிகட்ட வேண்டாம்! பல்லுக்கு உறுதி தரும் ஃபுளோரைடும் அதிலேயே கலந்திருக்கிறது. 1950-களிலிருந்தே! 1970-களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் குவளையும் பிரஷ்ஷுமாகக் கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குத்துக்காலிட்டு, ஆசிரியர் சொல்லச் சொல்லப் பல் தேய்த்தார்கள்! உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், உட்கார்ந்தே காட்டுவார்கள்!

திரையரங்கிலும் பேருந்திலும் புகைபிடிக்கத் தடை எப்போது வந்தது? 1970! அடுத்த வருஷமே சிகரெட் விளம்பரமும் காலி!

நவம்பர் 19 உலகக் கழிப்பறை தினம். சிரிக்காதீர்கள்! 2013-ல் ஐ.நா. சபையில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே சிங்கப்பூர்தான். பின்னணியில் உழைத்தவர் ஜாக் சிம் என்ற சிங்கப்பூர்க்காரர். 2001-லேயே உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கிவிட்டார்! இங்கே பொதுக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் வந்தால் அபராதம்!

படி ஏறுவது பிடிக்குமா? ஸ்விஸ்ஓட்டல் ஸ்டாம்ஃபோர்டில் 73 மாடி ஓடி ஏறும் போட்டி நடந்திருக்கிறது. படிகள் 1,336! உங்கள் புளோக்கில் மின்தூக்கி வரத் தாமதமானால் முணுமுணுக்காதீர்கள். நாலு மாடிதானே!

மனசு பாரமாக இருக்கிறதா? 1771. நாலே எண். 2025-ல் வந்த தேசிய உதவித் தொலைபேசி. நள்ளிரவு மூன்று மணிக்கு அழைத்தாலும் ஆள் எடுப்பார்! இந்த எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்துவிடுங்கள். தயவுசெய்து!

2023-ல் எழுத்தாளர் டான் பியூட்னர் உலகின் ஆறாவது நீல மண்டலமாகச் சிங்கப்பூரை அறிவித்தார். நீண்ட நாள் ஆரோக்கியமாக வாழ்கிறவர்களின் ஊர்! ஒக்கினாவா, சார்டினியா வரிசையில் நம்ம ஊர்!

வயதானவர்கள் சாலையைக் கடக்க நேரம் போதவில்லையா? சிக்னல் கம்பத்துப் பெட்டியில் மூத்தோர் சலுகை அட்டையை ஒற்றி எடுத்தால் போதும். 2009-லிருந்து இந்த வசதி வந்துவிட்டது. கைத்தடியோடு பாட்டி நிதானமாக நடக்கலாம், பேருந்தும் லாரியும் காத்து நிற்கும். பச்சை மனிதன் கூடுதலாக எவ்வளவு நேரம் எரிவான் தெரியுமா? சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி!